சின்ன கேற்றை மறித்த வெள்ளை வேன்

1. முதல் நாள்

நான் பாடசாலைக் கேற்றைக் காக்கும் வாச்சர் வேலைக்குச் சேர்ந்த அன்று அதிபர் எனக்கு மூன்று பொருட்கள் தந்தார். கேற்றுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வை ஒன்று, ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு விசில். திறப்பும் கதிரையும் எதற்கென்று தெரியும். விசில் எதற்கு என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு ரோட்டப் பாருங்க, விளங்கும்" என்றார்.

பார்த்தேன், விளங்கியது. கல்முனைப் பக்கத்தில் எங்கள் பெண்கள் பாடசாலை ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் பாடசாலை மதில், அதை ஒட்டி வடிகான். மறுபக்கம் பள்ளிவாசல் மதில். எதிரெதிரே இரண்டு வேன் வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் பின்னுக்குப் போகிறவர் தோற்றவர். ஆகவே ஒருவரும் போவதில்லை. ஓட்டோக்கள் இடைவெளியில் நுழையும். மோட்டார் சைக்கிள்கள் ஓட்டோக்களின் இடைவெளியில் நுழையும். வாகனங்களுக்கு நடுவே தலையில் புத்தகப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள்.

விசிலை ஊதினேன். ஒருவரும் திரும்பவில்லை. அடுத்து வாயால் சொல்லிப் பார்த்தேன். அதற்கு எல்லோரும், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைத்து, ஒரே பதில் வைத்திருந்தார்கள்.

"ரெண்டு நிமிசம் காக்கா, புள்ளய எறக்கிட்டுப் போறன்."

அறுபது வாகனத்துக்கும் தலைக்கு இரண்டு நிமிடம். கணக்கு நல்ல கணக்குத்தான், ஒவ்வொருவரும் தன்னுடையதை மட்டும் எண்ணும் வரைக்கும்.

2. மாப்பிள்ளையின் வாய்

இங்கே என்னுடைய ஒரு பலவீனத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் மருதமுனையில் பிறந்தவன். எங்கள் கிழக்குக் கரையில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தான் போவான். நானும் அப்படி மனைவியின் ஊருக்கு வந்தவன். இந்த ஊரில் எனக்கு முன்னால் வண்டி நிறுத்துகிற ஒவ்வொருவரும் மனைவிக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தம். காலையில் கேற்றடியில் ஒருவரை ஏசினால், பகல் சோற்றுக்கு முன்னரே செய்தி என் வீட்டுக் குசினி அடுப்படிக்குப் போய்விடும்.

"எங்கட சாச்சிர மகனுக்கு நீங்க என்ன சொன்ன?" என்று மனைவி கேட்பாள். அதற்குப் பிறகு சோறு இறங்காது.

பொலிஸ்காரர் ஒருவர் இரண்டு நாள் வந்து நின்றார். இரண்டு நாளும் ஒழுங்கை சுவர்க்கம் போல இருந்தது. மூன்றாம் நாள் அவர் வரவில்லை. ஒழுங்கையும் பழையபடி ஆகிவிட்டது. அதிபர் வழியில் வைக்க இரண்டு பிளாஸ்டிக் கோன் வாங்கித் தந்தார். ஒரு தகப்பன் இறங்கி, இரண்டையும் கவனமாக ஓரத்தில் எடுத்து வைத்து, அந்த இடத்தில் காரை விட்டார். போகும்போது திரும்பவும் எடுத்து நடுவில் வைத்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது.

பெற்றோர் வட்சப் குழுவில் அறிவித்தல் போட்டார்கள். எல்லோரும் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் கேற்றுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள் இருந்தபடியே காட்டினார்கள்.

3. ஷிப்னா

பெரிய கேற்றுக்கு நான்கு படி. சின்ன கேற்றுக்குப் படியில்லை. வடிகானுக்கு மேல் சீமெந்துச் சாய்தளம் ஒன்று போட்டிருக்கிறது. அது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஷிப்னாவுக்காகப் போட்டது. அவள் சக்கர நாற்காலியில் வருகிறவள். தகப்பன் கடலுக்குப் போகிறவர், விடியற்காலையில் வீட்டில் இருக்க மாட்டார். தாய் நிஹாராதான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவார். வீட்டிலிருந்து பாடசாலைக்கு நடையில் இருபது நிமிடம்.

இந்த ஒழுங்கையில் வடிகானுக்குள் சில்லு விழாமல் வாகனம் நிறுத்தச் சமமான இடம் ஒன்றுதான். அது அந்தச் சாய்தளம். வேப்ப மர நிழலும் அதில்தான் விழும். அதை ஒவ்வொரு நாளும் பிடிக்கிறவர் காதர் ஹாஜியார். ஹாட்வெயார் கடைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு நம்பிக்கையாளர், என் மனைவியின் ஒரே சகோதரர். மருமகன் கட்டாரில் இருப்பதால் பேரப்பிள்ளைகள் இருவரையும் வெள்ளை வேனில் கொண்டுவருவார். இறக்கிவிட்டு, வேனைப் பூட்டிக்கொண்டு பிளேன்டீ குடிக்கப் போவார்.

"மச்சான், இது அந்த வீல் செயார் புள்ள போற இடம்" என்று ஒருமுறை சொன்னேன். என் தைரியத்துக்கு அது பெரிய பேச்சு.

"இந்தச் சீமெந்தே நான் குடுத்ததுதானே மச்சான்" என்றார்.

உண்மைதான். சாய்தளத்துக்கு ஆறு பேக் சீமெந்து இலவசமாகத் தந்தவர் அவர். பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பதினைந்து வயதுப் பெண்பிள்ளையை அந்நிய ஆம்பிளைகள் தூக்குவதை அந்தத் தாயும் விரும்பமாட்டார், பிள்ளையும் விரும்பமாட்டாள். இரண்டு டீச்சர்மார் ஒருநாள் படியால் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டாம் படியில் நாற்காலி சரிந்து பிள்ளையின் முழங்கை உரசிப்போயிற்று. அன்றிலிருந்து ஷிப்னா தன்னைத் தூக்க விடுவதில்லை. வேன் போகும் வரை வெயிலில் இருப்பாள். முதல் பாடம் அவளுக்கு வாரத்தில் ஒருநாள் கிடைத்தால் அதிசயம்.

தவணைப் பரீட்சைக் கிழமை வந்தது. நிஹாரா என்னிடம் வந்து சொன்னார்:

"காக்கா, நாளைக்கிக் கணக்குப் பேப்பர். நேரத்துக்கு உள்ளுக்குப் போகாட்டி நான் புள்ளய நிப்பாட்டிருவன். ஒவ்வொரு நாளும் ரோட்டுல வெச்சிக்கி இரிக்க ஏலாது. பாக்கிற ஆக்களுக்கு அது ஒரு வேடிக்கையாப் போச்சி."

"நான் பாத்துக்கிறன்" என்றேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் கொடுத்த வாக்குறுதி அது ஒன்றுதான்.

4. அறிவித்தல்

மறுநாள் ஏழு மணிக்கு முன்னமே சாய்தளத்தில் என் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பெரிய கேற்றில் ஓர் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் முட்டிக்கொண்டன. பிரித்துவிட்டு வந்து பார்த்தால் என் கதிரை மதிலோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சாய்தளத்தில் வெள்ளை வேன்.

ஹாஜியாருக்கு ஃபோன் எடுத்தேன். வேனுக்குள் மணி அடித்தது. வழக்கமாகப் போகும் தேத்தண்ணிக் கடைக்கு ஓடினேன். யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போனார் என்றார்கள். திரும்பி வரும்போது நிஹாரா நாற்காலியோடு வந்து நின்றார். பரீட்சை தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

எதிரே பள்ளிவாசல். பாங்கு சொல்லும் மோதினார் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். வேனை எடுக்கும்படி மைக்கில் சொல்லுங்கள் என்றேன்.

"நம்பிக்கையாளர் ஒராள்ட அனுமதி வேணுமே" என்றார்.

மிகக் கிட்ட இருக்கும் நம்பிக்கையாளர் காதர் ஹாஜியார். அவரைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். பிள்ளையைக் காட்டினேன். மோதினார் பார்த்தார். "சரி, ஒரு துண்டுல எழுதித் தாங்க. வேன் நம்பரச் சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது, ஆளச் சொல்லோணும்" என்றார்.

ஊரில் காதர் ஹாஜியார் நான்கு பேர். எந்தக் காதர் என்று குழம்பக் கூடாதே என்று, காலமான தகப்பனையும் மாமனாரையும் மர்ஹூம் போட்டு, தெளிவாக எழுதினேன். வாழ்க்கையில் நான் செய்த பிழைகளில் மிகத் தெளிவாக எழுதப்பட்டது அதுதான்:

"மர்ஹூம் அகமது லெப்பை அவர்களின் மகனும், மர்ஹூம் மீராசாகிபு அவர்களின் மருமகனும், ஹாட்வெயார் உரிமையாளருமான காதர் ஹாஜியார் அவர்கள், பாடசாலையின் சின்ன கேற்றில் நிறுத்தியிருக்கும் வேனை உடன் அகற்றவும்."

எங்கள் கரையில் தொழுகை நேரமில்லாத நேரத்தில் பள்ளி மைக் திறந்தால் அநேகமாக அது ஜனாஸா அறிவித்தல், யாரோ இறந்துபோன செய்தி. ஒருவரை "இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும்" என்று மைக்கில் சொல்வது அவர் மௌத்தான பிறகுதான். மோதினாரும் பழகிய குரலில்தான் வாசித்தார். அந்தத் துக்கக் குரலைத் தவிர அவரிடம் வேறு அறிவித்தல் குரல் இல்லை. "காதர் ஹாஜியார் அவர்கள்" என்பது வரை ஊருக்கே கேட்டது. அதற்குப் பிறகு ஒழுங்கையில் மாட்டியிருந்த வேன்கள் எல்லாம் ஹோன் அடித்தன. வேன் பற்றிய பகுதியை வாசித்த மோதினாரும் எழுதிய நானும் மட்டும்தான் அறிவோம்.

ஐந்து நிமிடத்தில் ஒழுங்கை காலியாகிவிட்டது. நான் இத்தனை நாள் விசில் ஊதிச் செய்ய முடியாதது அது. எல்லா வாகனங்களும் ஹாஜியார் வீட்டை நோக்கிப் போயின. வெள்ளை வேன் மட்டும் நின்றது. நான் கையைக் காட்டிக் கத்தினேன். "ஓம் காக்கா, கேட்டது, இன்னாலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். இரண்டு பேரைப் பிடித்து வேனைத் தள்ளக் கூப்பிட்டேன்.

"மௌத்தான ஆள்ட சாமான்ல கை வெக்கப்படா" என்றார் ஒருவர், மிகவும் மரியாதையாக.

பரீட்சை மணி அடித்தது. நிஹாரா வேனைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பினார். ஷிப்னா மடியில் பேனாப் பெட்டியைப் பிடித்தபடி ஒருமுறை கேற்றைப் பார்த்தாள். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

5. மையத்து வீடு

மற்றதை எனக்கு ஹாஜியாரே சொன்னார். கடற்கரை வீதிக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குக் கடைக்காரர் காதர் ஹாஜியார் மௌத்து என்று சொல்லியிருக்கிறார். இவர் வேறு ஒரு காதர் என்று நினைத்து, "இன்னாலில்லாஹி... நல்ல மனிசன். அடக்கம் அஸர் தொழுகைக்கா?" என்று கேட்டிருக்கிறார். ஹாட்வெயார்க்காரர் என்று தெரிந்ததும் கிளாஸை வைத்துவிட்டு, கண்ட ஓட்டோவில் ஏறியிருக்கிறார்.

வீட்டு ஒழுங்கைக்குள் ஓட்டோ போகவில்லை. மையத்தைக் கடைசியாகப் பார்க்க வந்தவர்கள் கேற்றுக்குக் குறுக்கே, மதிலுக்குக் குறுக்கே, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வாகனத்தை விட்டிருந்தார்கள். உள்ளே அவருடைய மனைவியும் என் மனைவியும் குழறி அழுகிற சத்தம் கேட்டிருக்கிறது. முன்னால் மறித்து நின்ற காரின் கண்ணாடியில் தட்டி, எடுங்கள் என்றிருக்கிறார். உள்ளே ஃபோனில் இருந்த பொடியன் நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னானாம்:

"மையத்து எங்கயும் போகாது காக்கா, கொஞ்சம் பொறுங்க."

தன் வீட்டுக்குள் தான் போக அவருக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தது. அந்தப் பதினைந்து நிமிடமும் மனைவியின் குழறலைக் கேட்டுக்கொண்டு, சாரனைத் தூக்கிக் கட்டி, மோட்டார் சைக்கிள்களுக்கு மேலால் ஏறி இறங்கியிருக்கிறார்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி பகல் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அவருக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, கதவடியில் நின்றாள், நான் ஏச்சு வாங்குவதைப் பார்க்க.

"அந்தத் துண்டத் தாங்க மச்சான்" என்றார். மோதினாரிடம் திரும்ப வாங்கி வைத்திருந்ததைக் கொடுத்தேன். வாசித்தார்.

"பேரெல்லாம் சரியா எழுதியிருக்கீங்க."

துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அந்தப் புள்ள பேப்பர் எழுதினாளா?"

"இல்ல. தாய் கூட்டிப் போயிட்டா. இனி அனுப்ப மாட்டாவாம்."

கிளாஸைத் தள்ளி வைத்தார். "அவள் குழறுறது கேக்குது, எனக்குப் போக ஏலாம இரிக்கி மச்சான்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

6. தாய் பார்க்க வந்தது

அடுத்த திங்கட்கிழமை சாய்தளம் காலியாக இருந்தது. ஹாஜியார் வேனைச் சந்தியில் விட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்து வந்தார். அந்த இடத்தில் காரை விட வந்த ஒருவரிடம், "இது ஆள் இரிக்கிற இடம், எடு தம்பி" என்றார். அவருக்குப் பெண்வழிச் சொந்தம் பார்த்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. ஊரில் பிறந்தவர்.

ஷிப்னா வரவில்லை.

நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். வழி திறந்திருக்கிறது என்றேன்.

"இண்டைக்கி வெறுமையா இரிக்கும் காக்கா. நாளைக்கி?" என்றார் நிஹாரா. நான் செருப்பைத் தேடினேன். முன்னர் ஒரு வாக்குறுதி கொடுத்து அனுபவப்பட்டவன் நான்.

செவ்வாய்க்கிழமை நிஹாரா தனியே வந்தார். நாற்காலி இல்லை, பிள்ளை இல்லை. பள்ளிவாசல் மதிலோரம் நின்று சின்ன கேற்றைப் பார்த்தார். மணி அடித்ததும் போய்விட்டார். புதன் வந்தார். வியாழன் மழை, குடையோடு வந்தார். அன்று ஹாஜியார் சாய்தளத்தில் சாரனும் சட்டையும் நனைய நின்று, ஒரு டாக்டரின் காரைப் பின்னுக்கு எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒழுங்கையில் ஒரு கார் பின்னுக்குப் போனதை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான்.

எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வருகிறவருக்கு நான் சொல்வது இதுதான். ஒருநாள் வழியைத் திறந்து வைப்பது பெரிய காரியமில்லை, அதை ஒரு பொலிஸ்காரரும் செய்வார். நாளைக்கும் திறந்திருக்கும் என்று ஒரு தாய் நம்ப வேண்டும். அதற்கு எத்தனை நாள் எடுக்கும் என்பதை அந்தத் தாய்தான் முடிவு செய்வார், நாங்கள் இல்லை.

அதற்கடுத்த திங்கள் ஏழேகாலுக்கு நாற்காலி வந்தது. ஷிப்னா சாய்தளத்தால் ஏறி உள்ளே போனாள். வகுப்பு டீச்சர் அவள் எழுதாமல் விட்ட கணக்குப் பேப்பரை வைத்துக்கொண்டு நின்றார். நிஹாரா கேற்றடியில் என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து எழும்பி நின்றேன்.

"நாளைக்கும் வருவம்" என்றார்.

எனக்கு அது எச்சரிக்கை போலத்தான் கேட்டது. "ஓம்" என்றேன்.