என் கணவர் எழுதிக் கொடுத்த பெயர்

தாம்பரம் மார்க்கெட்டில் பாதிக் கடைகளின் போர்டுகள் என் கணவர் எழுதியவை. பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த பிறகு அவர் பென்சிலைக்கூடத் தொடவில்லை.

மீட்டர் கேஜ் ரயில் நின்றுபோன வருஷம் எங்கள் பேத்தி பிறந்தாள். பழைய புடவைகளை அடுக்கி அவளுக்கு ஒரு போர்வை தைத்தேன். மூலையில் வைக்கும் துணி லேபிளில் அவள் பெயரை எம்பிராய்டரி செய்ய, புத்தகத்திலிருந்து அழகான எழுத்துகளை ட்ரேஸ் எடுக்க உட்கார்ந்தேன்.

"பேரை நான் எழுதறேன், பேப்பரைக் குடு" என்றார் அவர்.

இடது கையால் 'சல்மா' என்று எழுதி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. எழுதியதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கோணக் கோணலா கீது. கிழிச்சிப் போடு."

"எங்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, இனிமே என் வேலைங்க" என்றேன்.

அவர் போட்ட கோடுகளின் மேலேயே ஊசியால் வரிசையாகக் குத்தினேன். தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைத் தேய்த்தேன். தாளை எடுத்தபோது, நடுங்கிய ஒவ்வொரு வளைவும் அப்படியே துணியில் இறங்கியிருந்தது. எதையும் திருத்தாமல் சிவப்பு நூலால் தைத்தேன்.

முடிச்சூரிலிருந்து வந்த மகள் லேபிளைத் தடவிப் பார்த்தாள். "அத்தா, இது உங்க எழுத்துதானே?"

"பின்ன? என் பேத்தி பேரை வேற யாரு எழுதுவாங்க?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பூவேலை செய்துவிட்டேன். எனக்குப் பெருமையான வேலை எது என்று கேட்டால், கோணலான அந்த மூன்று எழுத்துகளைத்தான் சொல்வேன்.