வேலிக்கு வெளியே சாப்பாடு

கிணறு வெட்டவும் பாறை உடைக்கவும் வாங்கும் வெடிமருந்தை முன்பெல்லாம் ஊருக்குள்ளேயே வைத்திருந்தார்களாம். வீடுகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, எரியோடு ஊரைத் தாண்டி ஒரு பொட்டலில் கிடங்கைக் கட்டினார்கள். அங்கே என் வீட்டுக்காரருக்குப் பகல் காவல் வேலை.

மத்தியானச் சோறு நான்தான் கொண்டுபோவேன். தீப்பெட்டி, உலோகப் பொருள் எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வேலிக் கதவில் பலகை மாட்டியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தாலியையும் மெட்டியையும் கழற்றிவிட்டா உள்ளே போக முடியும்? யாரிடமும் கேட்கக் கூச்சம். வெளியிலேயே நின்றுவிட்டேன். அவரும் உள்ளே கூப்பிடாமல் வெளியே வந்து, நிழலே இல்லாத ஒரு கருவேல மரத்தடியில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார். இப்படியே ஏழு வருஷம் போயிற்று.

ஒருநாள் சோதனைக்கு வந்த அதிகாரி, "ஏம்மா வெயில்ல நிக்கிறீங்க? காவல் ரூம்ல உக்காரலாமே" என்றார். தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"உரசுனாப் பொறி பறக்குற இரும்புக்குத்தாம்மா அது. தாலிக்கு யாரு தடை போட்டது?"

அவர் போனதும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏங்க, இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லல? இம்புட்டு வருஷமா ரெண்டு பேரும் வெயில்ல காஞ்சோமே!"

"சொன்னா நீ உள்ள வந்துருவேல்ல. அந்த மருந்துக்குப் பக்கத்துல நான் ஒருத்தன் இருக்குறது பத்தாதா? சோத்தப் போட்டு வெஞ்சனத்த வையி, பசிக்குது."

மறுநாளும் நான் வேலிக்கு வெளியேதான் நின்றேன். குடை ஒன்று கொண்டுபோயிருந்தேன்.