வெளித்தாழ்ப்பாள் இல்லாத தெரு

எங்க தெருவுல எந்த வீட்டுக் கதவுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்காது. பூட்டுத் தொங்கவிட வழியே கிடையாது. வெளியூர் போறவங்க கதவைச் சும்மா சாத்திட்டு, எதிர்வீட்டுல சொல்லிட்டுப் போவாங்க. மத்த ஊர்க்காரங்க கேலி பண்ணுவாங்க. பண்ணட்டும். இதுவரைக்கும் ஒரு சொம்பு காணாமப் போனதில்லை.

நான் வாக்கப்பட்டு வந்த வருஷம், ஏரித் தண்ணிக்காகப் பக்கத்து ஊரோட சண்டை. ஒருநாள் விடியறதுக்கு முன்னால வந்து, எல்லா வீட்டுக்கும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுட்டுக் கூரையில தீ வச்சுட்டாங்க. என் மாமியார் உலக்கையை எடுத்துப் பின்சுவரைக் குத்துனாங்க. மண்சுவர், இடிஞ்சு வழி விட்டுச்சு. தெருவே அப்படித்தான் வெளிய வந்துச்சு. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கல்சுவர், தெருவுலயே வசதியான வீடு. அவங்க வரல. திரும்பக் கூரை போட்டப்ப, யாரும் யாருக்கும் சொல்லாமலே வெளித்தாழ்ப்பாள் இல்லாமத்தான் கதவு வச்சோம்.

பெரம்பலூர் தனி ஜில்லா ஆன பிறகு கவர்மெண்டுல தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தாங்க. கதவுல ரெண்டு பக்கமும் தாழ்ப்பாள். குடிபோறதுக்கு முன்னால பொம்பளைங்க நாங்களே வெளித்தாழ்ப்பாளைக் கழட்டி எறிஞ்சோம். காண்ட்ராக்டர் தலையில அடிச்சுக்கிட்டார்.

அந்த வீட்டுக்குத்தான் மீன்சுருட்டியில இருந்து என் மருமக வந்தா. மகன் அரியலூர் சிமெண்ட் கம்பெனிக்கு லாரி ஓட்டறவன், பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். நான் தூங்கறேன்னு, கதவுல தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில சைக்கிள் சங்கிலியைக் கோத்து, ஜன்னல் கம்பியோட சேர்த்துப் பூட்டிட்டு, மாத்திரை வாங்க டவுனுக்குப் போயிட்டா. அவங்க ஊர்ல அது அக்கறை.

முழிச்சுக் கதவை இழுத்தேன். வரல. என் கை தானா உலக்கையைத் தேடுச்சு. ஒரு சத்தம்தான் போட்டேன், தெருவே கடப்பாறையோட வந்து சங்கிலியை அறுத்துடுச்சு.

அப்பத்தான் அவ பஸ்ஸை விட்டு இறங்கி வந்தா. "சாவி என்கிட்டத்தானே இருக்கு, கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"ன்னா.

"உள்ள ஆளை வச்சுப் பூட்டிட்டு எங்களைப் பொறுக்கச் சொல்றியா?"ன்னா எதிர்வீட்டுக்காரி.

அவளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிடச் சொல்லி ஆம்பளைங்க குதிச்சாங்க. என் மருமகளை நான் பார்த்துக்கறேன்னு எல்லாரையும் கலைச்சு விட்டேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியல. என் மகன்கூடச் சொன்னதில்லை. நாங்க அதை வாய்விட்டுப் பேசறதில்லை, எல்லாருக்கும் தெரியும்னே இருந்துட்டோம். அன்னிக்குச் சொன்னேன். அந்தக் கல்வீடு எங்க இருந்துச்சுன்னு கேட்டா. அவ தினம் தண்ணி அடிக்கற பம்பு இருக்கற இடம்தான்னேன். அவ எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. இருப்பாளா, பெட்டியைக் கட்டிடுவாளான்னு எனக்கு மனசு அடிச்சுக்கிச்சு.

சேதி தெரிஞ்சு அவ அப்பா வந்துட்டார். உட்காரக்கூட இல்லை.

"பூட்டு இல்லாத வூட்டுல நகையை வச்சுக்கிட்டு என் பொண்ணு எப்படிம்மா இருக்கும்? கையோட கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

நான் வாய் திறக்கறதுக்குள்ள அடுப்படியில இருந்து அவ குரல் வந்துச்சு.

"எங்க தெருவுல வெளித்தாழ்ப்பாள் வைக்க மாட்டோம்ப்பா. நீங்க கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவுல இறங்கி, சம்பந்தி வந்திருக்காருன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லிட்டு, கோழி பிடிக்கப் போனேன்.