640 வரை ஏறிய எண்

வில்லியனூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய பாய், எண்பதுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். நான் அங்கே டைப்பிங் டீச்சர். பாடத்துக்கான புரோகிராம் ஓட மெமரி போதவில்லை. புது சிப்புகளைப் பொருத்திய பிறகும், மெமரியின் அளவாகத் திரை பழைய 256 கே.பி.யையே காட்டியது.

"இன்னா டீச்சர் இது? பேசாம மெஷினத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றார் பாய்.

"இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க பாய்" என்றேன்.

அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கையேட்டைப் படித்தேன். எவ்வளவு மெமரி இருக்கிறது என்பதை, உள்ளேயிருக்கும் குட்டி ஸ்விட்சுகளை மாற்றி நாம்தான் தெரிவிக்க வேண்டுமாம். பேனா முனையால் அவற்றைத் தள்ளிவிட்டு மெஷினை ஆன் செய்தேன்.

திரையில் எண்கள் 256-ஐத் தாண்டி, ஏறி ஏறி 640-இல் நின்றன.

பாய் வாசலுக்கே ஓடிவிட்டார். "எங்க டீச்சர் பண்ணதுபா!" என்று தெருவில் போனவர்களையெல்லாம் அழைத்தார்.

அதுவரை பிறர் எழுதித் தந்ததைத்தான் நான் அடித்திருந்தேன். அன்று ஒரு மெஷினுக்கு நானாக ஒன்றைச் சொன்னேன், அது கேட்டது.