உஷாராணியின் கைக்கடிகாரம்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை ஜாசின் தமிழ்ப்பள்ளிக்கு வேனில் ஏற்றிப்போகும் உஷாராணியை எனக்கு ஆகவே ஆகாது. தோட்டத்து வாசல் கேட்டுக்குக் காலை ஆறு நாற்பதுக்கு வருவாள், ஆறு நாற்பத்திரண்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஒருநாள் என் மகன் திவாகர் காலில் மாட்டாத சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தும் நிற்காமல் போனவள். கேட்டால், "மத்த பிள்ளைங்களும் காத்திருக்குதுங்க லா, அக்கா" என்றாள். திமிர் பிடித்தவள் என்று ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்தேன்.

புருஷன் தவறிப்போன பிறகு லைசன்ஸ் எடுத்து, பதினோரு வருஷமாக வேன் ஓட்டுகிறாள். அவருடைய பெரிய கடிகாரம்தான் அவள் கையில். எது நடந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

இந்த வருஷ மாரியம்மன் திருவிழாவில் காலையில் பால்குடம். எங்கள் தோட்டத்துப் பவானேஸ்வரியின் மகள் தாரணி, அதே வேனில் பள்ளிக்குப் போகும் பதினோரு வயசுப் பிள்ளை, எனக்கு முன்னால் குடம் தூக்கி நடந்தாள். கோவில் வாசலில் குடம் நழுவி விழுந்தது. பிள்ளையும் விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, கண் மேலே செருகியது.

"சாமி வந்துருச்சு!" என்று முதலில் கத்தியது நான்தான். உருமிக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். யாரோ பிள்ளையின் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். பவானேஸ்வரி கைகூப்பி நின்றாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு உஷாராணி வந்தாள். "மேளத்த நிப்பாட்டுங்க! இது வலிப்பு!"

யார் காதிலும் விழவில்லை. அவள் குனிந்து பிள்ளையைத் தொடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "விரதப் பிள்ளையத் தொடாத! சாமி குத்தமாயிடும்!"

"விடுங்கக்கா! ஒன்பது பன்னெண்டுக்கு விழுந்தா, இப்ப பதினேழு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா மருந்து கொடுக்கணும். பவானி, நீயாவது சொல்லேன்!"

பவானேஸ்வரி வாயைத் திறக்கவில்லை. நானும் பிடியை விடவில்லை. இரண்டு நிமிஷம் அப்படியே பிடித்திருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பிள்ளையின் உதடு நீலமானதைப் பார்த்த பிறகுதான் என் கை விட்டது.

உஷாராணி தாரணியை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கைப்பையிலிருந்து சின்ன மருந்து டியூப் ஒன்றை எடுத்தாள். "இது பின்பக்கமா ஏத்துற மருந்து. சேலைய விரிச்சுப் பிடிங்க! யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" மேளம் நின்றது. முந்தானைகளை விரித்து நாங்கள் சுற்றி நின்றோம். அவள் மருந்தை ஏற்றினாள்.

கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பது இருபது" என்றாள். இருபத்தொன்றிலும் இழுத்தது, இருபத்திரண்டிலும் இழுத்தது. இருபத்துநாலில் அடங்கியது. பிள்ளை குறட்டை மாதிரி மூச்சு விட்டாள். நான் அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது மறுபடியும் இழுத்தது. உள்ளே கொண்டுபோய் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். டாக்டர் நூருல் ஐன் எங்களிடம் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்றுதான். உஷாராணி மளமளவென்று சொன்னாள், டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே நாற்காலியில் நான் பவானேஸ்வரியைத் தேற்றினேன். "எல்லாருமே சாமின்னுதான் நெனச்சோம். நீ என்ன பண்ணுவ?"

"எனக்குத் தெரியும்கா. குடம் விழுந்தப்பவே தெரியும். நீங்க சாமின்னு கத்துனீங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு நின்னுட்டேன். வேன்ல வந்தா வேணுமேன்னு உஷாராணிகிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லி மருந்தும் கொடுத்து வச்சேன். வீட்டுலயும் ஒரு டியூப் இருக்கு. ஊரு பாத்துடும்னு கொண்டாரல. வலிப்புன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேப்பா?"

அவள் பயந்த அந்த ஊர் நான்தான். தெரிந்திருந்தால் ஒரு வீடு விடாமல் சொல்லியிருப்பேன்.

பிள்ளை பிழைத்தாள். இரண்டு வாரம் கழித்து அவளை வேன் ஏற்ற வந்த பவானேஸ்வரி, கேட்டில் நின்ற எங்கள் எல்லோர் கண்ணெதிரே புது டியூப்பை உஷாராணியிடம் நீட்டினாள். உஷாராணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பத்திரண்டு. ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"இத எப்படிக் கொடுக்கணும்னு எல்லாரும் கத்துக்கணும்" என்றவள், என்னைப் பார்த்தாள். "அக்கா, மொதல்ல நீங்க வாங்க."