நானே அடைத்த முள்

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளின் ஆடு கொல்லைப் பாதை வழியே வந்து என் முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டது. சண்டை போட எனக்கு வாய் வராது. பேச்சை நிறுத்திவிட்டு, அந்தப் பாதையைக் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு அடைத்தேன்.

போன வருடம் ஈஸ்டர் ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் கொல்லையில் சேலை காயப்போட்டேன். காற்றில் பின்கதவு அறைந்து, உள்பக்கக் கொண்டி விழுந்துவிட்டது. சுற்றிலும் முள்வேலி. காலில் செருப்பில்லை. வெயிலில் தலை சுற்றியது. பாண்டியம்மாள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டும் கூப்பிட வெட்கம். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்ட பிறகுதான், "பாண்டியம்மா" என்றேன்.

எட்டிப் பார்த்தாள். "நீங்க அடைச்ச முள்ளுக்குள்ள நீங்களே மாட்டிக்கிட்டீகளாக்கும்? இம்புட்டு நேரம் கூப்புட வாயில்லையா மதினி?"

"எந்த மொகத்தோட கூப்புட?"

"இருக்குற மொகத்தோடதேன். தள்ளி நில்லுங்க, முள்ளு தெறிக்கும்."

வெறுங்கையால் முள்ளை இழுத்துப் போட்டாள். கையெல்லாம் கீறல். தண்ணீர் கொடுத்து, தன் வீட்டு வழியாக, பூட்டாமல் கிடந்த என் முன்வாசலுக்குக் கூட்டி வந்தாள்.

காலையில்தான் ஆராதனையில், ஆண்டவரின் கல்லறையை அடைத்திருந்த கல் புரண்டதைக் கேட்டு ஆமென் சொல்லியிருந்தேன். மனதில் பகையை வைத்துக்கொண்டு சொன்ன ஆமென் அது.

இப்போதெல்லாம் யார்மேல் வருத்தம் வந்தாலும், பொழுது சாய்வதற்குள் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசிவிடுகிறேன். கூச்சம் மட்டும் போகவில்லை. வாசலில் நின்று இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் கூப்பிடுகிறேன்.