வீட்டுக்குள் மட்டும் வந்த அப்பா

போன ஆடி மாதம் நடந்தது இது. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அப்பா தவறி ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். பகலெல்லாம் காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு பெங்களூரு கம்பெனி ஒன்றில் வேலை. துணி விற்கும் இணையதளங்களைச் சோதித்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். குறை சொல்வதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று அப்பா கிண்டல் செய்வார். வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவளை, ஆவணியிலிருந்து ஆபீசுக்கு வந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசில்லை. கூட வருகிறேன் என்று அம்மாவும் சொல்லியிருந்தார். அங்கே வீடு பார்த்து, சாமான் ஏற்ற வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது.

திடீரென்று அம்மா மாறிப்போனார். "நான் வரல கண்ணு, நீ போ" என்றார். காரணம் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். மொரப்பூர் சித்தி வந்து, நாலு நாள் எங்களோடு இருந்துவிட்டு வா என்று கூப்பிட்டும் கிளம்பவில்லை. காலையில் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்ததும் அம்மா முகம் கழுவி, தலை சீவி, கூடத்தில் போனோடு உட்கார்ந்துவிடுவார். மெல்லிய பேச்சுச் சத்தம் கேட்கும். சித்தியிடம் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மதியம் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். போன் அம்மாவின் காதில் இல்லை, மடியில் இருந்தது. அதைக் குனிந்து பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு டம்ளர் டீ. ஒன்று ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"யாருகிட்டம்மா பேசற?"

காய்காரர் வந்துவிட்டுப் போனதைச் சொல்வது மாதிரி சொன்னார், "உங்கப்பா வர்றாரு."

போனை வாங்கிப் பார்த்தேன். புளிக்குழம்பு செய்முறைப் பக்கம் ஒன்று திறந்திருந்தது. குழம்புப் படம் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா. வெள்ளைச் சட்டை, நேராக நம்மையே பார்க்கிற பார்வை. கீழே தள்ளினால் கத்தரிக்காய் இருக்கிற இடத்தில் அப்பா. ராசிபலன் பக்கத்துக்குப் போனேன். மேஷத்திலிருந்து மீனம் வரைக்கும் பன்னிரண்டு கட்டத்திலும் அப்பா, சிரிக்காமல். ஒரு சேலை விளம்பரத்தில் முகம் நீளமாக இழுபட்டு நின்றார். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே சிரிக்கிற ஆள் நான். அன்றைக்குப் பட்டப்பகலில் போனைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

"வூட்டுக்குள்ள மட்டுந்தான் வர்றாரு," என்றார் அம்மா, ரகசியக் குரலில். "தெருவுக்கு எடுத்துட்டுப் போனா வர்றதில்ல. நீ உள்ள வேல பாக்கறப்பதான் வர்றாரு. நீ லேப்டாப்ப மூடிட்டுக் கடைக்குப் போனா போன்ல ஒண்ணுமே வர்றதில்ல. அதான் வூட்ட வுட்டு வர மாட்டேங்கறேன். நானும் போயிட்டா அவரு வந்து யாரப் பாப்பாரு?"

போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து, அதே பக்கத்தை மறுபடி திறந்தேன். புளிக்குழம்பு புளிக்குழம்பாக இருந்தது. திரும்பி வீட்டுக்குள் கால் வைத்து அடுத்த பக்கத்தைத் திறந்தேன். அப்பா இருந்தார். அப்போதுதான் அம்மா லேப்டாப் என்று சொன்னது மண்டையில் உறைத்தது. அறைக்கு ஓடினேன்.

எங்கள் வேலையில் ப்ராக்ஸி என்று ஒன்று உண்டு. போனுக்கும் இணையத்துக்கும் நடுவில் லேப்டாப்பை உட்கார வைப்பது. போன் வீட்டு வைஃபையில் இருக்கிற வரைக்கும் அது கேட்பதும் அதற்கு வருகிற பதிலும் லேப்டாப் வழியாகத்தான் போகும். நாம் ஒரு ரூல் எழுதி வைத்தால், வருகிற பதிலை நடுவிலேயே பிடித்து மாற்றி அனுப்பும். தப்பான அளவில் படம் வந்தால் எங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, வருகிற படத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கச் சொல்லி ரூல் எழுதியிருந்தேன். பழைய மாடல் போனில் பார்க்கச் சொன்னதால் அம்மா போனை வாங்கி அதில் செய்தேன். எங்கள் தளத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்க வேண்டும். சோம்பலில், எங்கிருந்து படம் வந்தாலும் என்று எழுதிவிட்டேன். மாற்றி வைக்க ஏதாவது ஒரு நீளமான படம் போதும். கைக்குக் கிடைத்தது, நினைவஞ்சலி போஸ்டருக்காக வெட்டி வைத்திருந்த அப்பா போட்டோ. வேலை முடிந்து போனைத் திருப்பிக் கொடுத்தவள் ரூலை எடுக்கவே இல்லை.

காரணம் தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. அம்மா போன் கேட்ட ஒவ்வொரு படத்துக்கும் அப்பா போட்டோ போன குறிப்பு திரையில் வரிசையாகக் கிடந்தது. நான் பார்க்கும்போதே புதிதாக ஒரு வரி ஏறியது. கூடத்தில் அம்மா மறுபடி போனை எடுத்துவிட்டார்.

அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், இல்லை திட்டுவார் என்று நினைத்தேன். அவர் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ வெச்சா வருவாரு, எடுத்தா போயிடுவாரு."

"ஆமாம்மா."

"பெங்களூருலயும் வெக்க முடியுமா?"

முடியும்தான். லேப்டாப் இருக்கிற எந்த வீட்டிலும் முடியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா நாளைக்கே பெட்டி கட்டிவிடுவார், என் வேலையும் தப்பித்துவிடும். அதோடு எனக்கும் அப்பா வேண்டித்தான் இருந்தது. "முடியும்மா" என்றேன்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம், எடுத்துடு," என்றார். "கட்டிக்கிட்ட நாள்லருந்து உங்கப்பா ஒரு தடவையாவது கூப்புட்டதும் வந்திருக்காரா? சோத்தப் போட்டு வெச்சுக்கிட்டு நான் கத்திக் கத்திக் கெடப்பேன். இவரு தொட்ட தொட்ட எடத்துல எல்லாம் வர்றாரு. இது அவரு இல்ல கண்ணு."

எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினேன். அம்மாவே அமுக்கினார். அப்புறம் போனில் புளிக்குழம்பைத் திறந்து, அது குழம்புதான் என்று பார்த்துவிட்டு, ஆறின டீயைக் கொட்டப் போனார். நான்தான் உட்கார்ந்து அழுதேன்.

ஆவணியில் இரண்டு பேருமாக பெங்களூரு வந்துவிட்டோம். இன்றும் ரூல் எழுதித்தான் பிழைக்கிறேன். அடுத்தவர் கண்ணுக்குப் போய்ச் சேருகிற ஒன்றில் நடுவிலிருந்து கை வைக்கிறோம் என்கிற பயம் அன்றையிலிருந்து என்னோடு இருக்கிறது. வேலை முடிந்ததும் அம்மா போனை ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிடுகிறேன். அப்பா அதில் இல்லை என்று தெரிந்தால் நிம்மதிதான். ஆனால் பக்கம் திறக்கிற அந்த ஒரு நொடியில், இருந்துவிட மாட்டாரா என்றும் தேடுகிறேன்.